மண்டபத்தின் சாவி: ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் ஆலய நிர்வாகத்தினருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

செந்தூலில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியின் 14ஆம் மாடியில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். உங்களில் சிலருடைய பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். ஓரிருவர் நீங்களே படித்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனுக்கு விரல் சும்மா இருக்காது. வாய்ப்பாடு சொல்லும்போது மேசையில் தட்டுவான். செய்யுள் ஒப்பிக்கும்போது தட்டுவான். தேர்வு எழுதும்போதும் இடக்கை தட்டிக்கொண்டே இருக்கும். பலமுறை கண்டித்துவிட்டு ஒரு நாள் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அங்கே நின்று சன்னல் கம்பியில் தட்டினான். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கம்பியின் ஓசை இப்போது என்னைத் தூங்கவிடுவதில்லை.

16 வயதில் அவன் ஓர் உறுமி மேளக் குழுவில் சேர்ந்தான். எட்டுப் பையன்கள். ஒத்திகை பார்க்க இடம் இல்லை. அடுக்குமாடியின் கீழே அடித்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள், போலீசை அழைப்பார்கள். இரவு வேலை முடிந்து வந்து படுத்திருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பையன்கள் ஒரு கோயிலுக்குப் போய் மண்டபத்தைக் கேட்டார்கள். வாரம் இரண்டு நாள், மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை. தாங்களே கூட்டித் துடைத்துவிட்டுப் போவதாகவும் சொன்னார்கள். "இது கல்யாண மண்டபம், சாவு மேளக்காரர்களுக்குத் தர முடியாது" என்று பதில் வந்தது. எந்தக் கோயில் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பதிலைச் சொல்லியிருக்கக்கூடிய நிர்வாகங்கள் நம்மிடம் ஒன்றிரண்டு மட்டும் இல்லை.

இடம் கொடுக்க வேறு ஓர் ஆள் வந்தார். கார்ப் பட்டறையின் பின்கட்டு. எவ்வளவு நேரம் அடித்தாலும் கேட்பாரில்லை. பசித்தால் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். உறுமிக்குத் தோல் மாற்றப் பணம் கொடுத்தார். எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்துக் கொடுத்தார். சட்டையின் முதுகில் ஓர் எண் இருந்தது. அது எந்தக் கும்பலின் எண் என்பது சந்தையில் மீன் விற்கிறவருக்கும் தெரியும்.

19 வயதில் அவனைப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். இதே செந்தூலில், ஒரு கார் நிறுத்துமிடத்தில், இரவு பதினொன்றரை மணிக்கு. வெட்டியவனுக்கும் அவனுக்கும் அதற்கு முன் பேச்சு வார்த்தைகூட இருந்ததில்லை. பகை இரண்டு எண்களுக்கு இடையில் இருந்தது. சாவு வீட்டில் அவனுடைய குழுவே மேளம் அடித்தது. அவன் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடித்தார்கள்.

நான் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். மண்டபம் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. உள்ளே வா என்று கூப்பிட்டவர் அந்தப் பட்டறைக்காரர் ஒருவர்தான். இதைச் சொல்லத்தான் இந்த மடல். உங்களிடம் நான் கேட்பதும் ஒன்றே ஒன்று: வார நாள் மாலைகளில் மண்டபத்தின் சாவி.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,000 பேருக்கும் மேல் என்றும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் அறிவித்தது. நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருக்கிறோம். மறுநாள் ஆசிரியர் அறையில் அந்தச் செய்தித்தாள் மேசை மேல் கிடந்தது. யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. கணக்கை எப்படி எடுத்தார்கள், ஏன் நம்மை மட்டும் சுட்டுகிறார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு நாம் நின்றுவிட்டோம். நம் பையன்கள் அங்கே எதைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்கவில்லை.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் காமன் கூத்தில் அவர்தான் ரதி. மீசையை எடுத்துவிட்டு, அம்மாவின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, மன்மதன் எரிந்த இரவில் அவர் அழும்போது லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுவார்கள். மற்ற நாள்களில் கங்காணி அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. கூத்து நடக்கும் நாள்களில் அதே கங்காணி அவருக்கு நாற்காலி போடச் சொல்வார். தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கூலி குறைவு, கள்ளுக்கடை பெரிது, அம்மாக்கள் அடி வாங்கிய இரவுகள் நிறைய. ஆனாலும் கோயிலுக்கு முன்னால் ஒரு திடல் இருந்தது. அங்கே ஒரு பால்வெட்டுக்காரனும் பொன்னராகலாம், மதுரை வீரனாகலாம். இளவட்டங்களின் முறுக்கு அந்த ஒத்திகைகளில் கரையும்.

பிறகு பால்மரம் எண்ணெய் தரும் செம்பனையானது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. நம் மக்கள் லயத்திலிருந்து புறம்போக்குக்கும், புறம்போக்கிலிருந்து அடுக்குமாடிக்கும் வந்தார்கள். லாரியில் கட்டில் வந்தது, சாமி படம் வந்தது, ஆட்டுக்கல்கூட வந்தது. திடல் வரவில்லை.

ஒரு பையனுக்குக் கும்பல் என்ன கொடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பட்டப்பெயர், கூட நிற்க நாலு பேர், தெருவில் நடந்தால் திரும்பிப் பார்க்கும் கண்கள். செத்தால் பெரிய ஊர்வலம். இதில் கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என் அப்பாவுக்குக் கூத்து கொடுத்தது.

இப்போது உறுமியைப் பற்றிப் பேச வேண்டும். இங்கேதான் உங்களுக்கும் எனக்கும் வழக்கு.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் காவடி ஏறுவது எந்த ஓசையில்? உறுமி இல்லாமல் அருள் வருமா என்று அன்று கேட்கிறோம். மறுநாளிலிருந்து அதை அடிக்கிற பையன் சாவு மேளக்காரன், ரவுடி. இந்தச் சாவு மேளம் என்ற சொல்லுக்குள் சாதி இருக்கிறது. அதை மூடி வைத்துப் பேசுகிற வயது எனக்கு இல்லை. கப்பல் ஏறி வந்து ஐந்தாறு தலைமுறை ஆன பிறகும், தோலில் அடிக்கிற கருவி தாழ்ந்தது, அடிக்கிற கை தாழ்ந்தது என்று நம் நிர்வாகக் கூட்டங்களில் இன்னும் ஒருவர் முணுமுணுக்கிறார், மற்றவர்கள் மறுத்துப் பேசாமல் இருக்கிறார்கள்.

அந்தப் பையன்களின் ஒத்திகையை ஒரு முறையாவது முழுதாக உட்கார்ந்து பாருங்கள். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், மறு முகத்தில் அடிக்க வேண்டும். தேய்க்கிற கை ஒரு வேலை செய்யும்போது அடிக்கிற கை வேறு வேலை செய்யும். அது பழகவே மாதக்கணக்கில் ஆகும். கோபத்தில் இருக்கிறவன் முந்துவான். முந்தினால் குழுவே சிதறும். அப்போது யாரும் திட்டுவதில்லை. தலைமையாக அடிக்கிறவன் அவன் முன்னால் வந்து நின்று, கண்ணைப் பார்த்துத் தாளத்தை நிறுத்தி நிதானமாகக் கொடுப்பான். முந்தியவன் மூச்சு வாங்கி அந்த நிதானத்துக்கு வந்து சேருவான். அடுத்தவன் ஓசையைக் கேட்டு, தன்னை அடக்கி, மீண்டும் சேர்வது. 31 ஆண்டுகள் நன்னெறிப் பாடம் நடத்தியும் நான் கற்றுக்கொடுக்க முடியாத ஒன்று அது.

இது என் ஆசையிலிருந்து மட்டும் பிறந்த பேச்சு இல்லை. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரத்தில் விகாரியோ ஜெரால் என்ற ஏழைக் குடியிருப்பு இருக்கிறது. 1993 ஆகஸ்டில், நான்கு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க முகமூடி அணிந்த போலீஸ்காரர்கள் அந்தக் குடியிருப்புக்குள் புகுந்து 21 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களுக்கும் அந்தப் பகைக்கும் தொடர்பு இல்லை. அதே ஆண்டு தொடங்கப்பட்டிருந்த ஆஃப்ரோரெகே என்ற இளைஞர் குழு அங்கே போனது. அவர்கள் கொண்டு போனவற்றில் முதன்மையானது கொட்டு. போதைப்பொருள் கும்பலில் சேர வேண்டிய வயதுப் பையன்களுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பையன்கள் பிறகு மேடை ஏறினார்கள், வெளிநாடு போனார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது பின்னால் நடந்தது. 2004இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், அதே குழுவின் இளைஞர்கள் போலீஸ்காரர்களுக்குக் கொட்டு அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சீருடையில் இருப்பவர் தாளம் தவறுகிறார். குடியிருப்புப் பையன் அவர் கையைப் பிடித்துத் திருத்துகிறான். நம் வட்டாரக் காவல் நிலையத்து அதிகாரிகளை உங்கள் மண்டபத்தில் அப்படி ஒரு மாலை உட்கார வைக்க முடிந்தால்! உறுமி கேட்டதும் ரோந்துக் கார் வந்து நிற்பது மட்டுமே இன்று எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு.

நம் ஊரிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். ஒரு கல்யாணப் பந்தலும் ஒரு சாவு வீடும் அருகருகே இருந்ததில் மூண்ட தகராறு என்று அப்போது சொல்லப்பட்டது. தோட்டத்தை விட்டு வந்த தமிழர்களும், கம்போங்கை விட்டு வந்த மலாய்க்காரர்களும், ஒரே குறுகிய இடத்தில் ஒரே மாதிரியான வறுமையில் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. பிறகு அந்தப் பிள்ளைகளோடு கலை வழியாக வேலை செய்யப் போனவர்கள் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் நாடகக் கலைஞர்கள். 1984இல் கோலாலம்பூரில் கிருஷன் ஜித், மேரியன் டி குரூஸ் போன்றவர்கள் தொடங்கிய அமைப்பு அது. அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்த ஆண்டுகளில் என் பள்ளியிலும் அந்த வட்டாரத்திலிருந்து மாறி வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் என்ன பார்த்தாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரம்.

செந்தூலில் ரயில்வே பட்டறை இருந்த நிலத்தில், பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து, 2005இல் பெரிய நாடக அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. அந்தப் பட்டறையில் இரும்பு தட்டியவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என் புளோக்கில், அதாவது நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், இருக்கிறார்கள். அரங்கத்தின் விளக்கு எங்கள் மாடியிலிருந்து தெரிகிறது. உள்ளே போனவர் யாரென்று கேட்டால், பள்ளிச் சுற்றுலாவில் போன இரண்டு பிள்ளைகள் கை தூக்குவார்கள்.

நாடகம் என்றதும் எங்கள் புளோக்கில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைக் குடியிருப்பாளர் சங்கத்தினர் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஆகஸ்டோ போவால் என்ற பிரேசில் நாடகக்காரர் 1970களில் ஒரு முறையை உருவாக்கினார். ஒரு கொடுமையைச் சில நிமிட நாடகமாக நடித்துக் காட்டுவார்கள். பிறகு அதையே மறுபடி நடிப்பார்கள். இந்த முறை பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தில் தாமே நின்று, வேறு எப்படி நடந்திருக்கலாம் என்று செய்து காட்டலாம். மேற்கு வங்கத்துக் கிராமங்களில் ஜன சன்ஸ்கிருதி என்ற குழு 1985 முதல் இதைச் செய்துவருகிறது. குடி, பெண்களை அடிப்பது, இளவயதுத் திருமணம் எல்லாம் அவர்களுடைய நாடகங்களில் வரும். நானும் இன்னும் ஆறு பெண்களும் இதைப் படித்து, பழகி, ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடித்தோம்.

பன்னிரண்டு நிமிட நாடகம். கணவன் வேலை முடிந்து வருகிறான். கூடுதல் நேர வேலை கிடைக்கவில்லை. சாப்பாடு ஆறியிருக்கிறது. அடிக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் தொலைக்காட்சியின் ஓசையைக் கூட்டிவைக்கிறாள். அவ்வளவுதான். இந்தக் காட்சிக்குக் கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள்கூட அசையவில்லை. எல்லாருக்கும் தெரிந்த காட்சி.

இரண்டாவது முறை நடித்தபோது, மனைவி திருப்பி அடிப்பாள், ஓடிவிடுவாள் என்று யாராவது வந்து காட்டுவார்கள் என எதிர்பார்த்தோம். ஒன்பதாம் மாடியில் பூக்கட்டுகிற பாட்டி ஒருவர், 70 வயதுக்கு மேல், கை தூக்கினார். மனைவியின் இடத்துக்கு அவர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி இடத்துக்கு வந்தார். தொலைக்காட்சியை அணைப்பதுபோல் கையை நீட்டினார். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். "தம்பி, கொஞ்சம் சீனி இருக்குமா?" என்றார். கணவனாக நடித்த எங்கள் தோழிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓங்கிய கையோடு நின்றாள். பாட்டி கிண்ணத்தை நீட்டியபடி அங்கேயே நின்றார். "அவசரம் இல்லை, நான் இருக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் புளோக்கில் சீனி என்பது வேறு ஒரு சொல். வீட்டுக்குள் அலறல் கேட்டால் யாராவது ஒருவர் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டுகிறார்கள். தனியாகப் போகாமல் இருவராகப் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். எல்லாக் கதவும் திறப்பதில்லை. ஒரு முறை கதவு திறந்து கிண்ணம் பறந்து வந்தது. ஆனாலும் இரண்டு பெண்கள் துணிந்து காவல் நிலையத்தில் புகார் செய்தார்கள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை வாங்கலாம் என்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது. ஒருத்தி அந்த ஆணையோடு தன் வீட்டிலேயே இருக்கிறாள். மற்றவள் மூன்று மாதத்தில் கணவனிடமே திரும்பிவிட்டாள். அவளுக்காகவும் கிண்ணம் தயாராகத்தான் இருக்கிறது.

அந்த நாடகத்துக்குக் கீழ்த்தளத்தைத் திறந்துவிட, எங்கள் சங்கம் ஐந்து வாரம் யோசித்தது. குடும்ப விஷயத்தைச் சந்தியில் போடுகிறீர்கள் என்றார்கள். அடி விழுகிற ஓசை 17 மாடிக்கும் கேட்கிறது. அது ஏற்கெனவே சந்தியில்தான் இருக்கிறது.

சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் புளோக்கின் பக்கச் சுவரில் இருவாட்சியும் செம்பருத்தியும் வரைந்தார்கள். படம் எடுத்தார்கள், போனார்கள். அழகான படம். எங்களில் ஒருவரிடமும் என்ன வரையலாம் என்று கேட்கவில்லை. நான்கு மாதத்துக்குள் இருவாட்சியின் மேல் ஒரு கும்பலின் எண் ஏறியது. யாரும் வருந்தவில்லை, அது எங்கள் படமாக இருந்ததில்லை.

அடுத்த முறை பிள்ளைகளே செய்தார்கள். படிக்கட்டுச் சுவரில் புளோக்கின் மனிதர்களை வரைந்தார்கள்: இரவுக் காவலாளி, நாசி லெமாக் விற்கும் அக்கா, பூக்கட்டும் பாட்டி, சக்கர நாற்காலியில் காற்பந்து பார்க்கும் தாத்தா. ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு, எதிரே உட்கார வைத்து வரைந்தார்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், கும்பல் எண்கள் கிறுக்கப்பட்டிருந்த இடத்தில், உதவி கேட்டு அழைக்கும் 15999 என்ற எண்ணைப் பெண்பிள்ளைகள் ஆளுயரத்துக்கு எழுதினார்கள். நாசி லெமாக் அக்காவின் முகத்தில் இதுவரை ஒரு கோடுகூட விழவில்லை. காலையில் எல்லாரும் அவரிடம்தானே பொட்டலம் வாங்குகிறார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984இல் சுவர்க் கிறுக்கலை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கியபோது, கிறுக்கிய பையன்களையே ஓவியர்களாக்கினார்கள். இன்று அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் இருக்கின்றன. அதே நகரத்தில் பாழடைந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல் வளர்த்து, சிறு மரவேலி போட்டு ஆராய்ந்தார்கள். ஏழைகள் வாழும் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்ததாக 2018இல் முடிவு வெளியானது. அது ஓவியம் பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் ஓர் இடத்தை யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கே கத்தியும் துப்பாக்கியும் கொஞ்சமாவது கூசுகின்றன என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நம் பத்துமலைப் படிகளுக்கு 2018இல் வண்ணம் பூசியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. எனக்கும் பெருமைதான். அந்த அக்கறையில் ஒரு வாளியை எங்கள் படிக்கட்டுக்கும் கேட்கிறேன்.

கலை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு உறுமி அடையாள அட்டை வாங்கித் தராது. இடைநிலைப்பள்ளியின் படிவம் ஐந்தோடு நின்றவனுக்கு நாடகம் சம்பளம் தராது. அவற்றுக்கு வேறு கதவுகளைத் தட்ட வேண்டும், தட்டிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் பள்ளி விட்டதிலிருந்து நள்ளிரவு வரை ஒரு பையன் எங்கே இருக்கிறான் என்ற கேள்விக்கு, நம் கையில் இருக்கிற பதில் இது ஒன்றுதான். பட்டறைக்காரரும் அந்த நேரத்தைத்தான் குறிவைத்தார்.

உள்ளே விட்டால் கும்பலும் சேர்ந்து வந்துவிடும் என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. நியாயமான அச்சம். அதனால் நிபந்தனை போடுங்கள். சட்டையில் எண் கூடாது, கொடி கூடாது. குழுவுக்கு வெளியிலிருந்து யார் பணம் கொடுத்தாலும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மாலையும் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். முதல் ஆண்டு முழுக்க நான் இருக்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன். மேளங்களை வைக்க ஒரு பூட்டிய அறை கொடுங்கள். மேளம் எங்கே தூங்குகிறதோ அங்கேதான் பையனும் வந்து சேருவான். திருவிழாவில் ஒரு நாள், சாமி புறப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம், குழுவின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி அவர்களை மேடையேற்றுங்கள். பெற்றவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.

பணம் எங்கே என்பீர்கள். ஓர் உபயத்துக்குப் பூ அலங்காரம், நாதஸ்வரம், அன்னதானம் எல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உபயகாரர் பட்டியலில் இன்னொரு வரி சேருங்கள். ஒரு குடும்பம், ஆண்டுக்கு ஒரு முறை, பிள்ளைகளின் மேளத்துக்கோ நாடகத்துக்கோ உபயம் ஏற்கட்டும். அர்ச்சனையில் அவர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கள். என் ஓய்வூதியத்திலிருந்து முதல் உபயத்தை நான் ஏற்கிறேன். அவன் நட்சத்திரத்தை அவன் அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அவனுடைய குழுவில் இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள். பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். வருவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமைகளில் மேம்பாலத்தின் கீழ் அடிக்கிறார்கள். மழை சாய்ந்து அடித்தால் தோல் நனையும் என்று நிறுத்திவிடுவார்கள். புதிதாக ஒரு சிறுவன் சேர்ந்திருக்கிறான், 13 வயது. மேசையில் தட்டுகிற இனம். போன வாரம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து, "நல்ல இடம் இருக்கிறது, மழை வராது" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவன் என்னிடம் வந்து, "டீச்சர், என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான்.

இரண்டு வாரம் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி
செந்தூல், கோலாலம்பூர்